இரண்டு விரல் உள்மடிப்பு

மணப்பெண் அறைக்குள்ளிருந்து ‘டர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது.

சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் அப்போது நானூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. பின்கட்டில் சாம்பார் வாளிகள் இடிபட்டுக்கொண்டிருந்தன. அத்தனை இரைச்சலிலும் அந்தச் சத்தம் இரண்டே இரண்டு பேர் காதில் விழுந்தது. ஒருத்தி, அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்த கலாதேவி. இன்னொருவன், பத்தடி தள்ளி நின்று மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு ஜிப்பாவின் கழுத்துப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்த மதீசன்.

இருவரும் தையல் தொழிலில் இருப்பவர்கள். துணி கிழியும் சத்தம் எந்த ஆரவாரத்திலும் அவர்கள் காதுக்கு வந்து சேர்ந்துவிடும்.

கலாதேவி கோப்பியைத் தரையில் வைத்தாள். உள்ளே மணப்பெண் மாட்டிக்கொண்டிருந்தது அவள் தைத்த ரவிக்கை.

கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தது. பெண்ணின் தாயார் எட்டிப் பார்த்தார்.

“கலா, கொஞ்சம் உள்ள வாம்மா. சத்தம் போடாம வா.”

உள்ளே ஷாமினி இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றாள். ஜொகூரில் தாதியாக வேலை பார்க்கும் பெண். ஊசிக்கும் ரத்தத்துக்கும் அஞ்சாதவள். இப்போது அவள் உதடு துடித்தது. அரக்கு நிற ரவிக்கை இரண்டு அக்குளின் கீழும் இடுப்புவரை வாய் பிளந்திருந்தது.

“மூச்சுதான்க்கா விட்டேன். வேற ஒண்ணும் செய்யல.”

கட்டிலின்மேல் கூறைப் புடவை இருந்தது. பெரியவர்கள் எல்லாரும் தொட்டு ஆசீர்வதித்த தட்டிலிருந்து மாப்பிள்ளை சற்று முன்புதான் அதை எடுத்து அவள் கையில் கொடுத்திருந்தான். அதை உடுத்தி வந்து மணவறையில் உட்கார்ந்தால்தான் தாலி. குருக்கள் கொடுத்திருந்த நேரம் இருபது நிமிடம்.

கலா ரவிக்கையைக் கழற்றி உட்புறம் புரட்டினாள். புரட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. தையலுக்கு உள்ளே, பின்னால் பிரித்து அகலப்படுத்திக்கொள்வதற்காகத் தையல்காரர்கள் கொஞ்சம் துணி விட்டு வைப்பார்கள். உள்மடிப்பு என்பார்கள். கலா தைக்கும் ரவிக்கையில் அது அரை விரல்கூட இருக்காது. வெளிப்புறம் எவ்வளவு சுத்தமோ உட்புறமும் அவ்வளவு சுத்தம். இத்தனை வருடம் அதுதான் அவளுடைய பெருமை. அந்தப் பெருமைதான் இன்று அவளைப் பழிவாங்கியது.

கலாதேவி இந்த ஊர்ப் பக்கத்துப் பெண்தான். சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவளுக்கு ஒன்பது வயதானபோது தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியது, குடும்பம் ஈப்போ புந்தோங்குக்கு மாறியது. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த கையோடு ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். நான்கு வருடம் இடது கை மட்டும் தைத்தாள். உலகத்தின் ஏதேதோ நாடுகளில் ஆண்கள் அவள் தைத்த இடது கையை உயர்த்திப் பேருந்தை நிறுத்தியிருப்பார்கள். வலது கையைத் தைத்தது யார் என்று அவளுக்கே தெரியாது. முழுதாக ஓர் உடை தைக்க வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

இருபத்து நான்கு வயதில் அவளுக்குக் கோப்பெங்கில் ஒரு வரன் நிச்சயமானது. நிச்சயச் சேலை கைக்கு வந்த பிறகு மாப்பிள்ளையின் தாயார் ஒரு வார்த்தை சொன்னார்: “கல்யாணத்துக்கு முன்னாடி அந்த மெஷின வித்துடணும். எங்க வீட்டு மருமக ஊரு துணிய தைக்க வேணாம்.” மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கவில்லை.

கலா சேலையை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் திருப்பி அனுப்பினாள். அவள் தாய் நல்லம்மாள் மூன்று நாள் அழுதார். மூன்று நாளும் கலாவும் அழுதாள், மெஷினை மிதித்துக்கொண்டே.

அதற்குப் பிறகுதான் ஈப்போ லிட்டில் இந்தியாவில், இருபத்திரண்டு படி ஏறிப் போகும் ஒரு மாடி அறையில் ‘கலா பிளவுஸ்’ என்ற பலகை ஏறியது. ஆணி அடித்தது அவளேதான். அந்தப் பலகையை இறக்கச் சொல்கிற எவனுக்கும் கழுத்தை நீட்டுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள். பதினைந்து வருடமாக யாரும் சொல்லவில்லை. பெண் கேட்டு வந்தவர்களும் குறைவு.

மதீசன் அவளுக்கு எதிரே கடை போட்டு ஆறு வருடம் ஆகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர்களின் வழியில் வந்த குடும்பம். அரசாங்கத் துறையில் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன், ஒரு நாள் வேலையை உதறிவிட்டு, கட்டடத்துக்குப் பதிலாக ஜிப்பாவுக்கும் ரவிக்கைக்கும் வரைபடம் போட ஆரம்பித்தான். ‘மதீசன் டிசைன்ஸ்.’ கீழ்த்தளம், குளிர்சாதனம், கண்ணாடிக்குப் பின்னால் தலையில்லாத மூன்று பொம்மைகள். உள்மடிப்பில் அவன் தாராளப் பிரபு. எந்த உடை தைத்தாலும் உள்ளே முழுசாக இரண்டு விரல் துணி விடுவான்.

இருவரும் நேரில் பேசியதில்லை. வாடிக்கையாளர்கள் வாயால் பேசிக்கொண்டார்கள்.

“அவரு தச்ச பிளவுசுக்குள்ள இன்னொரு பிளவுஸ் ஒளிஞ்சிருக்குன்னு சொல்லுங்க” என்று மாடியிலிருந்து கீழே போகும்.

“மாடிக்காரங்க தச்சா, போட்டுக்கிட்டு சாப்பிடக் கூடாதாம், தெரியுமா?” என்று கீழேயிருந்து மேலே வரும்.

அந்தக் கேலிதான் இன்று நிஜமாகிவிட்டது.

தப்பு எங்கே நடந்தது என்று ரவிக்கையை மடியில் வைத்த கணமே கலாவுக்குப் புரிந்தது. ஷாமினி அளவு கொடுக்க வந்தது தைப்பூசத்துக்கு எட்டு நாள் முன்னால். பால்குடத்துக்காக நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்த பெண். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. மஞ்சள் துணியோடு வந்து நின்றவளுக்கு டேப்பைச் சுற்றி, வந்த எண்ணை அப்படியே எழுதிக்கொண்டாள் கலா. அவளும் அதே விரதத்தில்தான் இருந்தாள். தானும் இளைத்து, தெருவே இளைத்திருந்த நேரத்தில் ஒரு பெண் இளைத்திருப்பது எப்படிக் கண்ணில் படும்? பூசம் முடிந்தது, விரதம் கலைந்தது. கல்யாணப் பெண் என்று மூன்று வாரம் உறவுக்காரர்கள் வீடு வீடாகக் கூப்பிட்டு ஆட்டுக்கறி விருந்து போட்டார்கள். ரவிக்கை நேற்று மாலைதான் ஷாமினியின் கைக்கு வந்தது. போட்டுப் பார்க்க நேரமில்லை.

“கூறையோட உள்முனையில கொஞ்சம் வெட்டிக்கலாமா?” என்றார் தாயார். கேட்ட வேகத்தில் தானே கையை உதறினார். “வேணாம் வேணாம். ஆசீர்வாதம் பண்ண துணி. மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.”

அப்போது கதவுக்கு வெளியே ஒரு தொண்டை செருமியது.

“மிஸ் கலா. எவ்வளவு குறையுது?”

ஆறு வருடத்தில் மதீசன் அவளிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

“உங்க வேலய பாருங்க சார்” என்றாள் கலா, கதவைப் பார்த்து.

“என் வேலை முடிஞ்சிருச்சு. மாப்பிள்ள வீட்டு ஆளுங்களுக்கு நாப்பது ஜிப்பா, எல்லாம் அரக்குக் கலர் பட்டு. நான் போட்டிருக்கிறதும் அதே துணிதான். அதே கலர்தான் உள்ள கிழிஞ்சிருக்கு. எவ்வளவு குறையுதுன்னுதான் கேட்டேன்.”

கலா ஷாமினியைப் பார்த்தாள். பெண்ணின் கண்மை கலங்கி, ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கத் தயாராக இருந்தது. அந்த ஒரு சொட்டுக்கு முன்னால் கலாவின் ஆறு வருட வீம்பு நிற்கவில்லை.

“ஒரு பக்கத்துக்கு மூணு விரல்” என்றாள்.

வெளியே சலசலப்பு. கத்திரி ஓடும் சத்தம். ஒரு நிமிடம் கழித்துக் கதவிடுக்கு வழியாக ஒரு கை உள்ளே நீண்டது. கையில் நீளநீளமாக நான்கு அரக்குப் பட்டுத் துண்டுகள். அந்தக் கையை ஜிப்பா மூடியிருக்கவில்லை. முழங்கைக்கு மேலே வெள்ளைப் பனியன் தெரிந்தது.

“என்ன சார் இது?”

“என் ஜிப்பாவோட உள்மடிப்பு. ரெண்டு பக்கம், முன்னும் பின்னும், நாலு துண்டு. ரெண்டு ரெண்டா சேத்துத் தச்சா மூணு விரல் வரும்.”

“ஜிப்பாவ வெட்டிட்டீங்களா?”

“வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள சும்மா கிடந்ததுதானே.”

கலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் நேரமில்லை. கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்தாள். பதினாலு நிமிடம் இருந்தது. ஒரு பக்கத்தைப் பிடித்துத் தைக்கப் பத்து நிமிடமாவது வேண்டும்.

“ரெண்டு பக்கமும் ஒரு ஆளால முடியாது” என்றான் மதீசன், அவள் நினைத்ததையே.

“ஆம்பள உள்ள வர முடியாதுலா” என்றார் தாயார்.

“நான் வரல ஆண்ட்டி. பிளவுசு வரட்டும்.”

இப்படித்தான் நடந்தது. ஷாமினி ஒரு துவாலையைப் போர்த்திக்கொண்டு மூலையில் ஒதுங்கினாள். கதவு நான்கு விரல் திறந்திருந்தது. உள்ளே தரையில் கலா, வெளியே தரையில் மதீசன், நடுவில் இடுக்கு வழியாக நீண்டு கிடந்தது ரவிக்கை. வலது பக்கத்தை அவள் தைத்தாள், இடது பக்கத்தை அவன் தைத்தான். முகம் பார்க்க முடியாது. கைகள் மட்டும்தான் தெரியும். அவன் இடக்கைக்காரன் என்பதை அன்றுதான் கண்டாள். பெருவிரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தது, அவளுடையதைப் போலவே. குளிர்சாதன அறையில் பொம்மைக்குத் துணி மாட்டுகிறவன் என்று நினைத்திருந்தாள். இது வேலை செய்கிற கை.

“இழுக்காதீங்க” என்றாள்.

“நீங்கதான் இழுக்கிறீங்க.”

“தையல் பெருசா இருக்கு சார் உங்களுது.”

“கல்யாணம் முடியற வரைக்கும் தாங்கினா போதும். உங்கள மாதிரி ஆயுசுக்கும் தச்சா மாப்பிள்ள வேற பொண்ணு பாத்துடுவான்.”

மூலையில் துவாலைக்குள்ளிருந்து ஷாமினி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகுதான் கலா மூச்சு விட்டாள்.

பத்தாவது நிமிடத்தில் ரவிக்கை பெண்ணின்மேல் ஏறியது. கையைத் தூக்கச் சொன்னாள் கலா. தூக்கினாள். இறக்கச் சொன்னாள். இறக்கினாள். மூச்சை இழுத்து விடச் சொன்னாள். பட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. தாயார் அவசர அவசரமாகக் கூறையைச் சுற்றிவிட்டார். மேளம் கொட்ட, ஷாமினியின் கழுத்தில் தாலி ஏறியது. கூட்டத்தின் கடைசி வரிசையில் மதீசன் ஜிப்பாவை மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன்போல அட்சதை தூவினான்.

அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் ஷாமினியின் தோழி ஒருத்தி, கதவிடுக்கில் இரண்டு ஜோடிக் கைகள் தைப்பதைக் கைப்பேசியில் பிடித்திருந்தாள். மறுநாள் சாயங்காலத்துக்குள் ஈப்போ, கோப்பெங், சுங்காய் வரைக்கும் அது போய்விட்டது. போன இடத்திலெல்லாம் கதை வளர்ந்தது. கலா தைத்தது கிழிந்ததாம், மதீசன் காப்பாற்றினானாம்.

கீழ்க்கடையில் போய்க் கேட்டவர்களிடம் மதீசன், “நான் நூல் புடிச்சேன், அவங்கதான் தச்சாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அது கலாவின் காதுக்கு வந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. தன் தப்பை இன்னொருவன் மூடி மறைப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஓர் அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி, மாடிப்படி தொடங்கும் இடத்தில் ஒட்டினாள்.

‘விரத நேரத்தில் கல்யாண ரவிக்கைக்கு அளவு எடுக்கப்படாது. ஒரு முறை எடுத்தேன், கிழிந்தது. தப்பு என்னுடையது. கலா.’

அந்த அட்டையை எல்லாரும் நின்று படித்தார்கள். சிலர் படம் பிடித்தார்கள். படித்துவிட்டுப் பாதிப் பேர் மேலே ஏறி வந்து, “அக்கா, எனக்குக் கொஞ்சம் லூசா தச்சுக் குடுங்க” என்று துணி கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் மதீசனும் படித்தான். இருபத்திரண்டு படியையும் ஏறி, வாசலில் நின்று மூச்சு வாங்கினான்.

“ஏன் அப்படி எழுதினீங்க? நான்தான் சமாளிச்சுக்கிட்டு இருந்தேனே.”

“என் கிழிசல நான் தச்சுக்குவேன். உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

அவன் உட்கார்ந்தான். கடையைச் சுற்றிப் பார்த்தான். முடித்து மாட்டியிருந்த ரவிக்கை ஒன்றை எடுத்து உட்புறத்தைத் திருப்பினான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“ஒரு நூல்கூட நீட்டிக்கிட்டு இல்லையே. இந்த ஊர்ல யாருக்கும் இது வராது, எனக்கும்தான்” என்றான். கேலி இல்லாமல் சொன்னான்.

ஆறு வருடம் காத்திருந்து கேட்ட பாராட்டு அது. கலா முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினில் நூல் கோர்த்தாள். ஊசிக் கண் மூன்று தடவை தப்பியது.

அதன்பிறகு அவன் வாரத்தில் இரண்டு நாள் மாடி ஏறினான். பிறகு நான்கு நாள். எல்லா நாளும் சண்டைதான். கழுத்து எவ்வளவு இறங்கலாம், கைக்குக் கொசுவம் வைக்கலாமா, உள்மடிப்பு ஒரு விரலா ஒன்றரை விரலா. சண்டை முடியாதபோது முளைப்பயறோடு கோழி வைக்கும் தவுகே கோழிக் கடைக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டே தொடர்ந்தார்கள். கடைக்காரச் சீன அண்ணன் இவர்கள் கணவன் மனைவி என்று நினைத்து, ஒரே தட்டில் கோழியை வெட்டி வைத்தார். இருவரும் திருத்தவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு மதியம் மதீசன் வழக்கத்துக்கு மாறாகச் சண்டை போடாமல் உட்கார்ந்திருந்தான்.

“கலா, எங்க அக்கா உங்க வீட்டுக்கு வரணும்னு சொல்றாங்க. பேசுறதுக்கு.”

எதைப் பேச என்று கேட்கும் வயதா அவளுக்கு? பலகையைப் பற்றி அப்போதே கேட்டுவிட நினைத்தாள். உங்கள் வீட்டுக்கு வந்தால் என் கடை என்ன ஆகும் என்று ஒரே கேள்விதான். நாக்கு எழவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. கோப்பெங்காரனிடமிருந்து வந்த அதே பதில் இந்த வாயிலிருந்தும் வந்துவிட்டால், இந்த முறை மூன்று நாள் அழுது தீராது.

“ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் புந்தோங் வீட்டின் முன்னால் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. மதீசனின் அக்கா சந்திரமதி இறங்கினார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிர் பருத்திப் புடவை, மெல்லிய சட்டக் கண்ணாடி, கையில் ஆப்பிள் பை. பின்னால் மதீசன், பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வரப்பட்டவன் மாதிரி.

நல்லம்மாள் காலையிலிருந்து உளுந்து வடை சுட்டு அடுக்கியிருந்தார். “சாப்புடுங்க தம்பி, சூடா இருக்கு” என்று மதீசனின் தட்டில் நான்கை வைத்தார்.

சந்திரமதி கலாவை நன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“தம்பி உங்களைப் பற்றி ஆறு வருஷமாக் கதைக்கிறான். முதல் அஞ்சரை வருஷமும் ஏச்சு. இப்பதான் வேற மாதிரி.”

எல்லாரும் சிரித்தார்கள். நல்லம்மாளின் முகத்தில் பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது.

“நான் சுத்தி வளைச்சுக் கதைக்கிறதில்லை” என்றார் சந்திரமதி. “நீங்கள் நல்லா வேலை செய்யிற பிள்ளை. எங்களுக்குச் சந்தோஷம். அதுதான் நான் ஒரு பெரிய கடையும் பாத்து வைச்சிருக்கிறன், புது இடத்தில. ஒரே கடை, ஒரே பேர், மதீசன் டிசைன்ஸ். பிள்ளை உள்ளுக்கு இருந்து தையலைப் பாத்துக்கொண்டால் காணும். இனிப் படி ஏறி இறங்கத் தேவையில்லை. ரெண்டு பலகையும் தேவையில்லை.”

கலா கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

நல்லம்மாள் மேசைக்கு அடியில் மகளின் முழங்காலை அழுத்தினார். சரியென்று சொல் என்று அர்த்தம். முப்பத்தொன்பது வயதில் இன்னொரு வரன் வீட்டுக்குள் வராது என்றும் அர்த்தம்.

கலா மதீசனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. கோப்பெங்காரனும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

“அக்கா” என்றாள் கலா. “நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க. அது எனக்குத் தெரியுது. எனக்கு உங்க தம்பி வேணும். அத மறைக்கல. ஆனா கடை வேணாம். எங்கிட்ட ஒரு கடை இருக்கு. அதுல என் பேரு இருக்கு.”

“புருஷனும் பெண்சாதியும் எதிரும் புதிருமாக் கடை நடத்துறதோ? சனம் சிரிக்கும் பிள்ளை.”

“சிரிக்கட்டும்க்கா. சிரிச்சுக்கிட்டே ரெண்டு கடையிலயும் ஏறி விலை கேப்பாங்க.” சந்திரமதியை நேராகப் பார்த்தாள். “இது ஒத்து வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க. முன்னாடி ஒரு தடவ நிச்சய சேலைய திருப்பிக் குடுத்திருக்கேன். இந்தத் தடவ குடுக்கிறது ரொம்பக் கஷ்டமா இருக்கும். ஆனா குடுத்துடுவேன்.”

நல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

“அக்கா” என்று மதீசன் ஒருவழியாக வாயைத் திறந்தான். அக்காவிடம் பேசும்போது அவன் பேச்சு வீட்டுப் பேச்சாக மாறிவிடும். “உங்களை ஆர் கடை பாக்கச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் பாத்தனான்.”

“இவ என்ர கடைக்குள்ள வந்திட்டா நான் ஆரோட போட்டி போடுறது? இவவைத் தோற்கடிக்க வேணுமெண்டுதான் ஆறு வருஷமாக் காலமை எட்டு மணிக்குக் கடை திறக்கிறன். முந்தி நான் எத்தினை மணிக்கு எழும்புறனான் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே.”

“பத்தரை” என்றார் சந்திரமதி, தன்னை அறியாமல்.

கலாவுக்குக் கண் நிறைந்தது. அதை மறைக்கக் கோபத்தைத்தான் கைக்கெடுத்தாள். “இவ்வளவு நேரம் ஏன் பேசாம உக்காந்திருந்தீங்க?”

“நீ என்ன சொல்றேன்னு கேக்கணும்னு இருந்துச்சு. வாயில வடையும் இருந்துச்சு. உங்க அம்மா நாலு வச்சிட்டாங்கலா.”

நல்லம்மாள்தான் முதலில் சிரித்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

சந்திரமதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அரசாங்க வேலையை விட்டிட்டு இவன் ஊசியைப் பிடிச்ச நாள் துவக்கம் எனக்கு ஒரே பயம், பிள்ளை. எப்ப விழப்போறானோ எண்டு. கடை பெரிசாயிருந்தால் விழமாட்டான் எண்டு நினைச்சன். வேற ஒண்டுமில்லை.”

கலா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“விழுந்தா நான் எதுத்தாப்புலதானே இருப்பேன். முதல்ல சிரிப்பேன். அப்புறம் வந்து தூக்கி விடுவேன்.”

சந்திரமதி அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தன் கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார். அந்த நாலு விநாடியில் அந்தச் சின்ன வீட்டுக்குள் ஒரு கல்யாணம் முடிவாகிவிட்டது.

“சரி, ரெண்டு பலகை” என்றார் சந்திரமதி, கண்ணாடியை மாட்டி வங்கி அதிகாரியாக மாறி. “ஆனால் கல்யாணப் பத்திரிகையில ரெண்டு கடைப் பேரையும் விலாசத்தோட போட வேணும். ஒரு கடை மூடுப்பட்டுது எண்டு சனம் நினைக்கப்படாது. வாற ஆவணியில நாள் பாப்பமோ, அம்மா?”

“பாத்துடலாம்மா, பாத்துடலாம்” என்றார் நல்லம்மாள். அவருக்கு நாளைக்கே என்றாலும் சம்மதம்தான்.

“கூறை எங்கட வீட்டிலயிருந்து வரும். ரவிக்கையைத் தம்பி தைப்பான்.”

“என் பிளவுச நான்தான்க்கா தைப்பேன்” என்றாள் கலா உடனே.

“கூறையோட வர்ற பிளவுஸ் துணி என்கிட்டதான் இருக்கும்” என்றான் மதீசன்.

“அளவு என்கிட்டதான் இருக்கு.”

சந்திரமதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்த வழக்கை நான் தீர்க்கமாட்டன்” என்று சொல்லிவிட்டு, நல்லம்மாள் பொட்டலம் கட்டிக் கொடுத்த வடையோடு காருக்கு நடந்தார். நல்லம்மாளும் வாசல்வரை பேசிக்கொண்டே போனார்.

மதீசன் காலணி மாட்டுகிற சாக்கில் வாசற்படியிலேயே நின்றான்.

“ஒரு பழைய பிளவுஸ் குடு கலா. அத வச்சு அளவு பாத்துக்கிறேன்.”

“எதுத்த கடைக்காரங்களுக்கு நான் சாமான் குடுக்கிறதில்ல.”

“அப்ப எப்படித்தான் தைக்கிறது?”

“அது உங்க சுசா, உங்க கஷ்டம். ஆவணி வரைக்கும் டைம் இருக்கு, யோசிங்க.”

“ரெண்டு விரல் உள்மடிப்பு விடுவேன். பரவாயில்லையா?”

கலா இரண்டு விரலை நீட்டி, ஒன்றைப் பாதி மடக்கினாள். “தைங்க. ஆனா ஒண்ணரை விரல்தான்” என்றாள். “அதுக்கு மேல ஒரு நூல் இருந்தாலும் பிரிச்சுப் போட்டுடுவேன்.”

காரிலிருந்து ஹாரன் இரண்டு தடவை அடித்தது. நல்லம்மாள் திரும்பி வந்து, இருவரையும் பார்க்காததுபோல உள்ளே போனார். மதீசன் கேட்வரை போய்த் திரும்பிப் பார்த்தான். காரின் கதவைத் திறந்துவிட்டு இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தான்.

“போங்க, அக்கா காத்துக்கிட்டு இருக்காங்க” என்றாள் கலா.

அவன் ஏறினான். வெள்ளைக் கார் சந்து முனையில் திரும்பி மறைந்தது. கலாதேவி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.